வீட்டுமனையில் சீமைக் கருவேலம்: தூரோடு எடுக்க எந்த இயந்திரம் ஏற்றது?

கரிசல்வாசி, அருப்புக்கோட்டை வட்டம்:

அனைவருக்கும் வணக்கம். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் குடும்பத்துக்கு 72 சென்ட் பட்டா நிலம் இருக்கிறது. தாத்தா காலத்தில் பருத்தியும் கம்பும் விளைந்த கரிசல் நிலம்; உழவு நின்றபின் சீமைக் கருவேலம் மூடி, இப்போது ஓர் ஆள் உள்ளே நுழைய முடியாத நிலையில் கிடக்கிறது. அதன் வடகிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 1,200 சதுர அடியில் வீடு கட்ட முடிவு செய்திருக்கிறோம். மீதியில் தோட்டம் போடும் எண்ணம் உண்டு.

எந்தக் கருவியால் சுத்தம் செய்வது என்பதில் ஊரில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். கரிமூட்டம் போடும் ஒருவர், மரத்தைத் தாமே வெட்டி எடுத்துக்கொண்டு நமக்கும் ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார். பக்கத்து நிலத்துக்காரர், ஜேசிபியை மணிக்கணக்கில் வைத்து ஒரே வீச்சில் முடித்துவிடு என்கிறார். உறவினர் ஒருவரோ ஹிட்டாச்சி இல்லாமல் கருவேலந்தூர் வராது என்கிறார். நிலத்துக்குள் எங்கோ ஒரு பழைய கிணறும் இருக்கிறது. இருக்கும் இடம் யாருக்கும் துல்லியமாகத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மண்வண்டி, பரமக்குடி:

ஐயா, வணக்கம். நான் ஒரு ஜேசிபியும் ஏழு டன் ஹிட்டாச்சி ஒன்றும் வைத்து வாடகைக்கு ஓட்டிவருகிறேன். எங்கள் பக்கத்தில் வண்டிக்கு வரும் வேலையில் பெரும்பகுதி கருவேலம் எடுப்பதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். கரிமூட்டக்காரர் மரத்தைத் தரையோடு தரையாக வெட்டி எடுத்துச் செல்வதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். தரைமட்டத்தில் வெட்டிய தூரை இயந்திரம் எடுப்பது, நின்ற மரத்தை எடுப்பதைவிட இரண்டு மடங்கு வேலை. நெம்புவதற்குப் பிடிமானம் எதுவும் இல்லாததால் பக்கெட்டின் பல்லைத் தூருக்கு அடியில் நுழைக்கச் சுற்றிலும் அகலமாகத் தோண்ட வேண்டியிருக்கும். குழியும் பெரிதாகும், மீட்டரும் ஓடிக்கொண்டே இருக்கும். கிளைகளைக் கழித்துவிட்டு அடிமரத்தை நான்கு அடி உயரத்துக்கு விட்டுவைக்கச் சொல்லுங்கள். மரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி இரண்டு பக்கம் மண்ணைத் திறந்து பக்கவேர்களை அறுத்தபின், அந்த நான்கு அடிக் கட்டையின் மேல்முனையைப் பக்கெட்டால் பிடித்து இழுத்தால் தூர் முழுதாகப் புரண்டு வரும். ஆணிவேர் கீழே எங்காவது முறியும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி எந்த வண்டி என்ற கேள்வி. ஜேசிபி ஏறக்குறைய ஏழரை டன் எடை கொண்டது. பின்கை நாலே முக்கால் மீட்டர் ஆழம் வரை இறங்கும். கருவேலந்தூருக்கு அந்த ஆழத்தில் பாதிகூடத் தேவைப்படாது. அது சாலையில் தானே ஓடி வரும். முன்பக்கெட்டால் முள்ளை ஒதுக்கும். பறித்த தூரைத் தானே டிராக்டரில் ஏற்றும். குறை என்னவென்றால் அதன் டயர்கள். சீமைக் கருவேல முள் டயரைத் துளைத்துவிடும். சிறிய முன்டயர்கள்தாம் முதலில் போகும். எனவே விவரமான ஓட்டுநர் முள்ளின்மீது ஏறிப் போகாமல், முன்பக்கெட்டால் வழித்துத் தனக்குத் தானே பாதை செய்துகொண்டே போவார். சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் ஹிட்டாச்சிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஈரமான கரிசலிலும் புதையாமல் நிற்கும். நின்ற இடத்திலேயே முழுவட்டமாகச் சுழன்று வேலை செய்யும். ஆனால் அதை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். ஏற்றி இறக்கும் செலவு உங்களுடையது. 72 சென்டுக்கு இருபது டன் ஹிட்டாச்சி தேவையே இல்லை. ஏழு டன் வண்டி அருகிலேயே கிடைத்தால் அழையுங்கள். கிடைக்காவிட்டால் ஜேசிபி போதும்.

எந்த வண்டியானாலும் ஒன்றரை அடி அகலக் குறும்பக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். வழக்கமான மூன்றடிப் பக்கெட் ஒவ்வொரு தூருக்கும் ஒரு வண்டி மண்ணை அள்ளி வெளியே போடும். குறும்பக்கெட்டில் வலு ஒரே இடத்தில் குவிவதால் வேர் அறுபடும், மண் அதிகம் கலையாது. வீடு கட்டும் இடத்துக்கு இது முக்கியம் என்று நினைக்கிறேன், பொறியாளர்கள் சொல்லட்டும்.

காட்டுநெறிஞ்சி, முதுகுளத்தூர் வட்டம்:

மண்வண்டி அண்ணன் சொன்ன நான்கடிக் கட்டை யோசனையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கரிமூட்டக்காரரை வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வட்டத்தில் பல குடும்பங்களுக்கு மழை பொய்த்த ஆண்டுகளில் கஞ்சி ஊற்றியது இந்தக் கருவேலக் கரிதான். இந்த மரத்தின் தீமைகளை நான் மறுக்கவில்லை. 2017 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைத் தென்மாவட்டங்களில் அகற்றச் சொல்லி உத்தரவிட்டதும், 2022 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அயல் படர் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டதும் காரணத்தோடுதான். எனினும் உங்கள் நிலத்தில் நிற்கும் மரத்துக்கு விலை உண்டு. அதை இயந்திரத்தால் நொறுக்கி, மண்ணோடு புரட்டி, தீ வைத்து அழிப்பது வீண்.

ஒப்பந்தத்தை இரண்டு கட்டமாகப் பேசுங்கள். முதல் கட்டத்தில் அவருடைய ஆட்கள் கவைக்கம்பும் வெட்டரிவாளும் கொண்டு முள்கிளைகளைக் கழித்து, கைப்பருமனுக்கு மேற்பட்ட விறகை எடுத்துக்கொள்வார்கள். அடிமரம் நிற்கட்டும். இரண்டாவது கட்டத்தில் இயந்திரம் தூரைப் புரட்டிப்போட்டபின், அந்தத் தூரையும் அவரே மண் தட்டி எடுத்துச் செல்ல வேண்டும். தூர்க்கட்டையில் நல்ல கனமான கரி கிடைக்கும் என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இப்படிச் செய்தால் இயந்திர வாடகையில் ஒரு பகுதி மரத்திலேயே வந்துவிடும். மனையில் குப்பையும் நிற்காது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மேலாக வெட்டிவிட்டு விட்டால் இந்த மரம் சாகாது. தூரின் கழுத்துப் பகுதியில், தரைக்குச் சற்றுக் கீழே, மொட்டுகள் உறங்குகின்றன. ஒரு கிளை நின்ற இடத்தில் ஏழெட்டுக் கிளைகள் கிளம்பும். தோட்டம் போடும் பகுதியில் அந்தக் கழுத்தை ஓரடி ஆழத்துக்குக் கீழே அறுத்து எடுத்தாலே பெரும்பாலும் போதும்.

வைகைக்கரைப் பொறியாளர், மதுரை:

இதுவரை எழுதிய இருவரும் தூரை வெளியே எடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கட்டடம் கட்டுவோருக்கு அதைவிடப் பெரிய கேள்வி, தூர் வெளியேறிய குழியைப் பற்றியது. இயந்திரத் தேர்வை அந்தக் குழியே தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எனவே முதல் வேலை, எந்த இயந்திரமும் உள்ளே வருமுன் வீடு வரும் இடத்தைத் தரையில் குறிப்பது. சுவர்க் கோட்டுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் மூன்று மீட்டர் சேர்த்துக் கயிறு கட்டுங்கள். கயிற்றுக்கு உள்ளே ஒரு முறை, வெளியே வேறு முறை. வெளியே ஓரடி ஆழத்தில் கழுத்தை அறுத்தால் போதும் என்று காட்டுநெறிஞ்சி சொன்னது சரியே. உள்ளே அது போதாது. பெருவிரல் பருமனுக்கு மேற்பட்ட வேர் ஒவ்வொன்றும், குறைந்தது அடித்தளக் குழியின் ஆழம் வரையிலாவது வெளியேற வேண்டும். மண்ணுக்குள் விட்ட வேர் சில ஆண்டுகளில் மட்கும்போது அந்த இடம் வெற்றிடமாகும், தளம் இறங்கும். மட்கும் மரம் கறையானுக்கு இரை என்பதும் சிறிய விஷயமன்று. கட்டடங்களுக்கான கறையான் தடுப்பு பற்றிய இந்தியத் தரக் குறியீடு 6313, மருந்து தெளிக்குமுன் மனையிலிருந்து தூர், கட்டை, வேர் ஆகியவற்றை அகற்றச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, குழிகளை எண்ணிட்டுப் படத்தில் குறியுங்கள். ஒவ்வொன்றின் இடமும் ஆழமும் ஒரு தாளில் இருந்தால், அடித்தளம் வடிவமைப்பவர் தூணை எங்கே நிறுத்துவது, எங்கே ஆழப்படுத்துவது என்று முடிவு செய்ய முடியும். இயந்திரம் போனபின் சமன் செய்த தரையைப் பார்த்து எந்தப் பொறியாளராலும் குழி இருந்த இடத்தைச் சொல்ல முடியாது. குழியை அள்ளிய கரிசலாலேயே மூடாதீர்கள். கிராவல் மண்ணை அரையடிக்கும் முக்காலடிக்கும் இடைப்பட்ட அடுக்குகளாகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து, திமிசுக்கட்டையாலோ வாடகைக்குக் கிடைக்கும் அதிர்வுத் தகட்டாலோ இறுக்க வேண்டும். இப்போது குறும்பக்கெட்டின் அருமை புரியும். மூன்றடிப் பக்கெட் தோண்டிய ஒவ்வொரு கனஅடியையும் நீங்கள் பின்னர் காசு கொடுத்து நிரப்பி இறுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, கரிசலுக்கே உரிய சிக்கல். இந்த மண் நீரை வாங்கினால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அடர்ந்த கருவேலங்காடு பல ஆண்டுகளாக ஆழத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்ததால், மரத்தடி மண் சுருங்கிய நிலையிலேயே இறுகியிருக்கும். மரத்தை எடுத்ததும் அந்த மண் இழந்த ஈரத்தை மெல்லத் திரும்பப் பெற்று மேலே எழும்பத் தொடங்கும். மரத்தை எடுத்த கையோடு அடித்தளம் போட்டால், அந்த எழுச்சி முழுவதும் உங்கள் சுவரைத் தூக்கும். மரம் நின்ற இடத்தில் கூடுதலாகவும் நில்லாத இடத்தில் குறைவாகவும் தூக்குவதால் சுவரில் மூலைவிட்டமாக வெடிப்பு வரும். ஆகவே புரட்டாசி முடியுமுன் தூரை எடுத்துவிட்டு, ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதையும் நிலம் குடிக்க விட்டு, தை அல்லது மாசியில் அடித்தள வேலையைத் தொடங்குங்கள். அடித்தளமும் சாதாரணக் கல்கட்டாக இருக்க வேண்டாம். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே உருவாக்கிப் பரப்பிய அண்டர் ரீம்டு பைல் முறையை (அடிப்பகுதி குமிழாக விரிந்த, மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்கள்), மூன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், மண் பரிசோதனைக்குப் பின் வடிவமைத்துக்கொள்ளுங்கள்.

மனைப்பிரிவு, திருமங்கலம்:

பொறியாளர் ஐயாவின் கருத்துகளை மதிக்கிறேன். ஆயினும் இவ்வளவு நுணுக்கம் சாதாரண வீட்டுக்குத் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. நாங்கள் மனைப்பிரிவு வேலைகளில் பத்து, பதினைந்து ஏக்கர் கருவேலங்காட்டைப் புல்டோசரை விட்டுத்தான் சமன் செய்கிறோம். தகடு தரையை வழித்துக்கொண்டு போகும். மரமும் மண்ணும் ஓரத்தில் கரையாகக் குவியும். சில நாள்களில் நிலம் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு தூராகத் தோண்டிக்கொண்டிருந்தால் எந்த வேலையும் முடியாது. வேளாண்மைப் பொறியியல் துறையே புல்டோசரைக் குறைந்த வாடகைக்குத் தருகிறதே, அதைக் கேட்டுப் பார்க்கலாமே?

வைகைக்கரைப் பொறியாளர், மதுரை:

மனைப்பிரிவு நண்பருக்கு: உங்கள் வேலைக்குப் புல்டோசர் பொருத்தமானதாகவே இருக்கலாம், எல்லை தெரிய வேண்டும், சாலை போட வேண்டும், மனைக்கல் ஊன்ற வேண்டும். அந்த மனையை வாங்கி வீடு கட்டுபவருக்கு அது என்ன விட்டுச்செல்கிறது என்பதே என் கவலை. தகடு கருவேலத்தைத் தரைமட்டத்தில் முறிக்கிறது. கழுத்துக்குக் கீழே உள்ள வேரைத் தொடுவதில்லை. அதற்குமேல், வழித்த மேல்மண்ணையும் மரக்கழிவையும் கலந்து தாழ்ந்த இடத்தில் தள்ளி நிரப்பிவிடுகிறது. மேலே பார்த்தால் சமமான நிலம். அடியில் முள்ளும் கட்டையும் கலந்த நிரப்பு. அதன்மேல் எழுந்த சுற்றுச்சுவர்கள் சாய்ந்து நிற்பதை நான் பல மனைப்பிரிவுகளில் பார்த்திருக்கிறேன். சமன் செய்த மனையை வாங்குவோர் எவரும், வீடு வரும் இடத்தில் இரண்டு மூன்று இடங்களில் ஆறடி ஆழத்துக்குக் குழி தோண்டிப் பார்க்காமல் அடித்தளம் போட வேண்டாம்.

மண்வண்டி, பரமக்குடி:

வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களைப் பற்றி ஒரு விளக்கம். அவை உழவர்களின் நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவருவதற்கானவை. உழவன் செயலியில் இ-வாடகை வழியாகப் பதிவு செய்து பெறலாம். வீட்டுமனைக்கு அவற்றைக் கேட்பது முறையாகாது. தோட்டம் போடும் பகுதிக்கு, அது விவசாய நிலமாகவே தொடருமானால், உள்ளூர் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டுப்பாருங்கள்.

கண்மாய்க்கரை, சிவகங்கை மாவட்டம்:

கரிசல்வாசி தம்பிக்கு, ஒரு தாயாகவும் இந்த வேலையை அருகிலிருந்து நடத்தியவளாகவும் எழுதுகிறேன். எங்கள் மனை எட்டு சென்ட். தெருவில் ஜேசிபி திரும்ப இடமில்லை. ஆகவே பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் மெஷின் ரம்பம், கடப்பாரை, கடைசியில் சங்கிலி போட்டு இழுக்க ஒரு டிராக்டர் என்று ஆள்பலத்தால்தான் முடித்தோம். சிறிய மனைக்கு அது முடியும்; 72 சென்டுக்கு முடியாது. ஆனாலும் பெரிய இயந்திரம் வருவதற்கு முன்னால் உங்களுக்கும் கைவேலை தேவைப்படும். அதைத்தான் இங்கே யாரும் சொல்லவில்லை.

அந்தக் கிணற்றைக் கண்டுபிடிக்காமல் வண்டியை உள்ளே விடாதீர்கள். கல்கட்டு இல்லாத பழைய கிணற்றின் விளிம்பு, ஏழரை டன் வண்டி நெருங்கினாலே சரியும். விளிம்பை முள் மூடியிருந்தால் ஓட்டுநருக்குத் தெரியவும் தெரியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள பழைய ஆவணங்களில் கிணறு குறிக்கப்பட்டிருக்கலாம். ஊரில் அந்தக் காலத்தில் கமலை இறைத்தவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களை அழைத்துவந்து கேளுங்கள். பிறகு ஆட்கள் பிரஷ் கட்டருடன் நீளமான கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே ஒரு பாதை வெட்டிப் போய், கிணற்றைச் சுற்றிக் கொடிக்கம்புகள் நடட்டும். பிரஷ் கட்டரில் நைலான் நரம்பு கருவேலத்துக்கு உதவாது. பல் உள்ள இரும்புத் தகடு வேண்டும். அதுவும் விரல் பருமன் கன்றுகளுக்குத்தான்; அதைவிடப் பெரியவற்றில் தகடு துள்ளி ஆளைக் காயப்படுத்தும்.

வேலை செய்பவர்களுக்குத் தடித்த பூட்ஸ், கையுறை, கண்ணாடி ஆகியவற்றை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கருவேல முள் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மூட்டில் முறிந்து தங்கினால் வீக்கம் எளிதில் வற்றாது. புதருக்குள் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இருக்கும் என்று எதிர்பார்த்தே வேலையைத் தொடங்குங்கள். பாம்புக்கடிக்கு நஞ்சுமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது என்பதையும், அங்கே கொண்டுசெல்ல வண்டி எது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். கூலிக்கு வருபவர்களின் உயிர், நம் வீட்டுக் கனவைவிடச் சிறியதன்று.

எல்லைக் கற்களும் முள்ளுக்குள்தான் இருக்கும். வண்டி ஒரு கல்லைப் பெயர்த்துவிட்டால் பக்கத்து நிலத்துக்காரரோடு உறவே கெடும். முதலில் ஒற்றையடிப் பாதைகள் வெட்டி, அத்து (எல்லை) காட்டும் மனு கொடுத்து, புலப்படத்தோடு நில அளவரை வரவழைத்துக் கற்களைச் சரிபார்த்து, ஒவ்வொன்றின் அருகிலும் உயரமான கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுங்கள். நிலத்தை ஒட்டி ஓடையோ கண்மாயோ இருந்தால் அங்குள்ள மரத்தைத் தொடாதீர்கள். அது அரசு இடம்.

கரிசல்வாசி, அருப்புக்கோட்டை வட்டம்:

உங்கள் அனைவருக்கும் மிக்க நன்றி. கண்மாய்க்கரை அம்மா சொன்னபடி கிணற்றைப் பற்றி விசாரித்தேன். தென்மேற்கு மூலையில், வீடு வரும் இடத்திலிருந்து தள்ளியே இருக்கிறது என்று பெரியவர் ஒருவர் வந்து காட்டினார். மேலும் சில கேள்விகள். தூரை வெட்டி அதன்மேல் மருந்து தடவினால் பட்டுப்போகும், தோண்டவே வேண்டாம் என்று உரக்கடையில் சொல்கிறார்கள்; அது சரியா? வாடகையை மணிக்கணக்கில் பேசுவதா, மொத்தமாகப் பேசுவதா? எல்லையில் நான்கு பனைகளும், உள்ளே மஞ்சள் பூப்பூக்கும் கருவேலம் சிலவும் இரண்டு வேம்பும் தெரிகின்றன. அவற்றையும் எடுக்கத்தான் வேண்டுமா?

காட்டுநெறிஞ்சி, முதுகுளத்தூர் வட்டம்:

பனையை வெட்டாதீர்கள். 2021 முதல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, எல்லையில் நிற்கும் பனையால் உங்கள் வீட்டுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. மஞ்சள் நிறத்தில் உருண்டையாகப் பூப்பது நாட்டுக் கருவேலம். அதன் காய் மணிகோத்ததுபோல் இடையிடையே சுருங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிராகத் தொங்கும். நாட்டு மரத்தின் நிழலில் பயிரும் புல்லும் வரும், பட்டை மருந்துக்கு ஆகும், ஆட்டுக்கு நெற்று ஆகும். வீட்டுக்கோட்டுக்குள் விழாதவற்றை விட்டுவிடுங்கள். வேம்பையும் அப்படியே. விட வேண்டிய ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பால் வளையம் போடுங்கள். இயந்திர இருக்கையிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே முள்ளாகத்தான் தெரியும்.

வைகைக்கரைப் பொறியாளர், மதுரை:

மருந்து தடவுவது தூரைக் கொல்லலாம், வெளியே எடுக்காது. வீட்டின் அடியில் செத்த தூர், உயிருள்ள தூரைவிட எந்த வகையிலும் மேலானதன்று. மட்குவதும் கறையானை அழைப்பதும் அதுவே. கயிற்றுக்கு உள்ளே அந்த வழியை எண்ணவே வேண்டாம். வெளியேயும், தோட்டத்தில் உண்பதற்குப் பயிரிடப் போகும் மண்ணில், இயந்திரம் வாசலில் நிற்கும்போது மருந்துக்கு என்ன தேவை என்று எனக்குப் புரியவில்லை. வேப்பமரம் சுவரிலிருந்து அதன் உயர அளவுக்காவது தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கரிசலில் நெருக்கமாக நிற்கும் மரம் கோடையில் அடித்தளத்துக்குக் கீழுள்ள ஈரத்தை இழுக்கும்.

மண்வண்டி, பரமக்குடி:

வாடகையைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதைச் சொல்ல விரும்புவதில்லை என்றாலும் சொல்ல வேண்டியதுதான். மொத்தமாகப் பேசினால் ஓட்டுநர் வேகத்துக்குத்தான் ஓட்டுவார். வேர் பாதியில் அறுந்தால் அதைத் தேடித் தோண்ட அவருக்கு ஒரு காரணமும் இல்லை. குழியில் முள்ளைத் தள்ளி மண்ணை இழுத்து மூடிவிட்டுப் போவதும் நடக்கும். எனவே பொறியாளர் சொன்ன கயிற்றுக்கு உள்ளே மணிக்கணக்கில் பேசுங்கள். நீங்களோ உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரோ கூடவே நின்று ஒவ்வொரு குழியையும் பார்த்தபின் அடுத்த தூருக்கு வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள். வெளியே உள்ள பகுதிக்கு மொத்தமாகப் பேசினால் செலவு கட்டுக்குள் இருக்கும். மணிக்கணக்கில் பேசும்போது, வண்டி எங்கிருந்து புறப்படும் நேரம் கணக்கில் சேரும், குறைந்தபட்சம் எத்தனை மணி நேரத்துக்குப் பணம் தர வேண்டும், டீசல் யாருடையது, டயர் பஞ்சரானால் நிற்கும் நேரம் யார் கணக்கு என்ற நான்கையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் வண்டியின் மணி மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது இருவருக்கும் நல்லது.

இன்னொன்று, காய்ந்த கருவேல இலை ரேடியேட்டர் வலையை அடைத்துவிடும், வண்டி சூடேறும், எஞ்சினுக்கருகில் சருகு சேர்ந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. ஓட்டுநர் அவ்வப்போது நிறுத்தி வலையைத் தட்டினால், நேரத்தை வீணாக்குகிறார் என்று எண்ண வேண்டாம். உங்கள் நிலத்தின்மேல் மின்கம்பி போகிறதா என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. போகுமானால், கம்பிக்குக் கீழே உள்ள மரங்களை இயந்திரத்தால் தொடவே கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, இணைப்பைத் துண்டித்த நேரத்தில் கையால் வெட்டுங்கள்.

கரிசல்வாசி, அருப்புக்கோட்டை வட்டம்:

மின்கம்பி கிழக்கு எல்லைக்கு வெளியே போகிறது, உள்ளே இல்லை. வீட்டில் கலந்து பேசி இப்படித் திட்டமிட்டிருக்கிறோம். ஆடியில் பாதை வெட்டி நில அளவு. பிறகு கரிமூட்டக்காரரின் ஆட்கள் கிளை கழித்து, அடிமரத்தை நான்கடி விட்டுவைப்பார்கள். தூரையும் எடுத்துக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆவணிக் கடைசியில் குறும்பக்கெட்டுடன் ஜேசிபி. வீட்டுப்பகுதிக்கு மணிக்கணக்கு, தோட்டத்துக்கு மொத்தம். ஏழு டன் ஹிட்டாச்சி அருகில் கிடைக்கவில்லை. குழிகளைக் குறித்து, புரட்டாசிக்குள் கிராவல் நிரப்பி இறுக்கி, மழைக்காலம் முழுவதும் விட்டுவிட்டு, தையில் மண் பரிசோதனை. இதில் ஏதேனும் முரண் இருந்தால் சொல்லுங்கள்.

வைகைக்கரைப் பொறியாளர், மதுரை:

ஒரே ஒரு மாற்றம். குழிகளை மழைக்கு முன்னால் நிரப்புவது சரி, ஆனால் நிரப்பிய இடம் சுற்றியுள்ள தரையைவிடத் தாழ்ந்து, நீர் தேங்கும் பள்ளமாக இருக்கக் கூடாது. அரையடி மேடாகவே விடுங்கள். மழைக்குப்பின் இறங்கிய அளவைப் பார்த்தால் இறுக்கம் போதுமா என்பதும் தெரிந்துவிடும்.

காட்டுநெறிஞ்சி, முதுகுளத்தூர் வட்டம்:

மழைக்காலத்தில் நிலத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். மண்ணில் கிடக்கும் விதைகளிலிருந்து கார்த்திகைக்குள் ஆயிரக்கணக்கில் கன்றுகள் முளைக்கும். விதையின் ஓடு கடினமானது என்பதால் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் முளைத்துக்கொண்டே இருக்கும். கன்று ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போது ஈரமண்ணில் கையால் பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். தோட்டப்பகுதியில் டிராக்டரில் ஒன்பது கொத்துக் கலப்பை போட்டு ஓர் உழவு ஓட்டினாலும் போதும். கோடைவரை விட்டால் மறுபடி கடப்பாரை எடுக்க வேண்டியிருக்கும். நெற்று தின்ற ஆடுமாடுகளின் சாணத்திலும் விதை உயிரோடு வரும் என்பதால், இந்த ஆண்டு நிலத்தில் கிடை போட அனுமதிக்காதீர்கள்.

மண்வண்டி, பரமக்குடி:

வண்டியை எந்த நாளில் அழைப்பது என்பதை மட்டும் மழையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கரிசல் வறண்டு வெடித்துக் கிடக்கும்போது வேர் மண்ணோடு இறுகி, இழுத்தால் கழுத்திலேயே முறிந்துவிடும். நல்ல மழை பெய்த உடனே அழைத்தால் ஜேசிபி டயர் மண்ணை அப்பிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். ஆவணியில் ஓர் உழவு மழை பெய்து, நடந்தால் செருப்பில் மண் ஒட்டாத அளவுக்கு மேல்தரை உலர்ந்து, ஓரடிக்குக் கீழே தோண்டினால் கையில் பிடிக்கும் ஈரம் இருக்கும் நிலையில் அழையுங்கள். அந்தப் பதம் கரிசலில் சில நாள்களே நிற்கும். ஆகையால் வண்டிக்காரரிடம் இப்போதே முன்பணம் கொடுத்து, அழைத்த மறுநாள் வருவதாக வாக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.